கணக்குக் கேட்கும் பிள்ளைகள்

(மேட்டுப்பாளையத்தில், கல்லூரியில் சேரவிருக்கும் மாணவ மாணவியர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆற்றிய உரை)

தோழர்களே! பெற்றோரே! பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, அடுத்து எந்த வாசலில் நுழைவது என்று அண்ணாந்து பார்த்து நிற்கும் தம்பிகளே, தங்கைகளே!

நாடகம் எழுதுகிறவனை அழைத்துப் பொருளியல் படிப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அதிலும், கல்லூரியை நடுவழியில் விட்டு வெளியே வந்தவனை! வீட்டு நிலைமை வெளியே கொண்டுவந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்வேன். பந்தியில் இடம் கிடைக்காமல் வாசலில் நின்றவனுக்குத்தான், உள்ளே என்னென்ன பரிமாறினார்கள் என்பது நன்றாக நினைவிருக்கும். அந்தத் தகுதியோடு பேசுகிறேன்.

மேடை ஏறுவதற்குமுன் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "ஏனுங்க, எகனாமிக்ஸ் படிச்சா என்ன வேலைங்க கிடைக்கும்?" நல்ல கேள்வி, நியாயமான கேள்வி. மருத்துவம் படித்தவன் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை தொங்குகிறது. சட்டம் படித்தவன் தோளில் கறுப்பு அங்கி தொங்குகிறது. பொருளியல் படித்தவனுக்குப் பலகையும் இல்லை, அங்கியும் இல்லை. எனவே நம் ஊர்களில் அது மிச்சப் பாடம் ஆகிவிட்டது. வணிகவியல் கிடைக்கவில்லையா, கணினி அறிவியல் கிடைக்கவில்லையா, சரி, இதையாவது எடு என்று, கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளையின் கையில் திணிக்கப்படும் பாடம்! அந்தப் பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு வகுப்புக்குப் போகிறது.

டில்லியில் அப்படி இல்லை, தோழர்களே! அங்கே பொருளியல் வகுப்பில் இடம் பிடிக்க, பள்ளியில் முதலிடம் பெற்ற பிள்ளைகள் முண்டியடிக்கிறார்கள். நாம் மிச்சம் என்று தள்ளுவதை அவர்கள் உச்சம் என்று அள்ளுகிறார்கள். ஏன்? அதைத்தான் இன்று பேசப் போகிறேன். பெரியவரின் கேள்விக்கு விடை உண்டு. கடன் சொல்லிவிட்டு ஓடமாட்டேன். ஆனால் அதற்குமுன், அந்தப் பாடம் என்ன சரக்கு என்று பார்த்துவிடுவோம். சரக்கைப் பாராமல் விலை பேசலாமா?

சரக்கைப் பார்க்கப் பல்கலைக்கழகம்வரை போகவேண்டியதில்லை. இந்த ஊர் மண்டிக்கு வாருங்கள். நீலகிரி மலையிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கு இங்கேதான் ஏலத்துக்கு வருகிறது. கோத்தகிரிப் பக்கத்து உழவன் விதைக்கிழங்கு வாங்கி, உரம் போட்டு, மருந்து தெளித்து, கூலி கொடுத்து, பனிக்கும் பன்றிக்கும் தப்பித்தது போக மீந்ததை மூட்டையாகக் கட்டி லாரியில் ஏற்றுகிறான். இங்கே வந்து இறங்கியதும், இறக்குகூலி, தரகு, லாரி வாடகை, சாக்கு என்று ஒவ்வொன்றாகக் கழிகிறது. மீதி அவன் கைக்கு வருகிறது. ஆனால் என் கேள்வி கழிவைப் பற்றியது அன்று. ஏலத்தில் அந்த விலை விழுந்ததே, அது எங்கிருந்து வந்தது?

மலைக்கிழங்கு மட்டுமா இங்கே வருகிறது? கோலாரிலிருந்து வருகிறது, குஜராத்திலிருந்து வருகிறது. அங்கிருந்து எத்தனை லாரி கிளம்பியது, கேரளத்து வியாபாரி எவ்வளவு கேட்கிறார் என்பதெல்லாம் மண்டியில் இருப்பவர்க்கு முன்கூட்டியே தெரியும். தெரியாவிட்டால் அவர் தொழில் செய்ய முடியாது. மலையில் இருக்கும் உழவனுக்கு என்ன தெரியும்? நேற்றைய விலை தெரியும்! கைப்பேசி வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது, மகிழ்ச்சி. அது விலை இன்னது என்று சொல்லும். ஏன் அந்த விலை என்று சொல்லாது. மண்டிக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அவர் தம் தொழிலைத் தெரிந்து செய்கிறார். தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே ஏலத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

இதையேதான் 1970ஆம் ஆண்டு ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கர், பழைய மோட்டார் கார் விற்பனையை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு கட்டுரையில் எழுதினார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கோணிப்போகிறது என்பதுதான் கட்டுரை. 2001இல் அவருக்கும் வேறு இருவருக்குமாக நோபல் பரிசு கிடைத்தது. கார் வாங்குபவன் கதைக்குப் பரிசு கொடுத்தார்கள். கிழங்கு விற்பவன் கதையை எழுத ஆள் இல்லை. எழுதவேண்டிய பிள்ளை இதோ இந்தக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, மிச்சப் பாடம் கிடைத்துவிட்டதே என்று வருந்திக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன், இதுவும் உங்கள் கூப்பிடு தூரத்தில் நடந்ததுதான். சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை இருந்தது. மரக்கூழிலிருந்து செயற்கை இழை செய்தது. பலருக்கு வேலை தந்தது. கழிவு பவானியில் கலந்தது. வழக்கும் போராட்டமும் வந்தன. கடைசியில் ஆலையும் மூடியது. ஆலையின் வரவு செலவுப் புத்தகத்தில் மரத்தின் விலை இருந்திருக்கும், மின்சாரக் கட்டணம் இருந்திருக்கும், கூலி இருந்திருக்கும். பவானித் தண்ணீரின் விலை எந்தப் பக்கத்தில் இருந்தது? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிவதற்குப் பெயர்தான் பொருளியல். வேலை வேண்டாம் என்கிறதா அது? இல்லை. ஆறு வேண்டாம் என்கிறதா? அதுவும் இல்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுது, பிறகு முடிவு செய் என்கிறது.

இப்படிச் சொந்த ஊரையே பாடமாக்கிப் படிக்கும் வழக்கம் நமக்குப் புதிதா? நூறாண்டுக்குமுன் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் அங்கே இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்தார். அதற்குமுன் ஆக்ஸ்ஃபோர்டில், தொழிலாளர்கள் படிப்பதற்கென்றே ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்தவர். வந்தவர் என்ன செய்தார்? லண்டனில் அச்சான புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கச் சொன்னாரா? இல்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர் கையில் கேள்விகளைக் கொடுத்தனுப்பினார். உன் ஊரில் நிலம் யாரிடம் இருக்கிறது? கூலி எவ்வளவு? கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு? போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வா என்றார்!

எழுதிக்கொண்டு வந்தார்கள். 1918இல் அது நூலாயிற்று. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துத் தூசி, நெல்லைச் சீமைக் கங்கைகொண்டான், தென்னார்க்காட்டு இருவேல்பட்டு என்று நம் சிற்றூர்கள் உலக ஆராய்ச்சியாளர் மேசைமீது ஏறின. இருவேல்பட்டில் படியாள் என்ற முறை இருந்ததை அந்த மாணவர்கள் குறித்துவைத்தார்கள். திருமணத்துக்குக் கடன் வாங்குவான், கடன் தீரும்வரை நிலக்காரன் வயலில் கட்டுண்டு கிடப்பான், கடன் தீராது. ஊருக்கெல்லாம் தெரிந்த செய்திதான். தெரிந்ததை எழுதிவைத்தவர் யார் என்பதுதான் கேள்வி. தாளில் ஏறாத துயரம் சட்டசபைக்கு வராது, தோழர்களே! 1916இல் பார்த்த அந்த ஒரே ஊரை, 1937இல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் காலத்தில் மீண்டும் பார்த்தார்கள், 1961இல் பார்த்தார்கள், 1981இல் பார்த்தார்கள், 2008இல் பார்த்தார்கள். ஒரே ஊரை ஏறக்குறைய நூறாண்டு விடாமல் கணக்கெடுத்ததால்தான், நிலத்தின் பிடி எப்படித் தளர்ந்தது, கூலிக்காரன் எப்படி நிமிர்ந்தான் என்று இன்று அடித்துப் பேச முடிகிறது.

மேடைப் பேச்சாளன் நான். 'ஏழை வாடுகிறான்' என்று சொல்லி என்னால் கண்ணீர் வரவழைக்க முடியும். ஆனால் எதிர்க்கட்சிக்காரர், 'எத்தனை பேர்? எவ்வளவு? எந்த ஆண்டில்?' என்று மூன்று கேள்வி கேட்டால், என் அடுக்குமொழி அத்தனையும் அவலாகிவிடும். அந்த மூன்று கேள்விக்கு விடை வைத்திருப்பவன் பக்கத்தில் இருந்தால்தான் பேச்சுக்குப் பல் முளைக்கும்.

1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கானோர் தெருவிலே விழுந்து மடிந்தார்கள். விளைச்சல் பொய்த்தது, அரிசி இல்லை, மக்கள் மாண்டனர் என்றுதான் உலகம் நம்பியது. சிறுவனாக அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் கண்ட அமர்த்தியா சென், வளர்ந்து பொருளியல் படித்து, புள்ளிவிவரங்களைப் புரட்டி, 1981இல் வேறொரு செய்தி சொன்னார்: மக்களை மடியவைக்கும் அளவுக்கு அரிசி குறைந்துவிடவில்லை, ஏறிய விலையில் அதை வாங்கும் சக்திதான் கூலிக்காரனிடம் இல்லை என்றார். நினைத்துப் பாருங்கள்! அரிசி இல்லை என்றால் வானத்தை நோவோம். அரிசி இருந்தும் வாங்க வழியில்லை என்றால் யாரை நோவது? ஆட்சியைக் கேட்கவேண்டும். விடை மாறினால் கேள்வி கேட்கப்படும் ஆளே மாறிவிடுகிறான். 1967இல் அண்ணா, ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் நம் கோவையிலும் தொடங்கியபோது, விலையைத் தொட்டால் வயிற்றைத் தொடலாம் என்று அறிந்தே தொடங்கினார். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை அவர். பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் படித்துப் பட்டம் பெற்றவர். மிச்சப் பாடம் படித்தவர் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்!

கோவையிலிருந்து கணக்குப் போடுமிடத்துக்குப் போனவர் இல்லாமல் இல்லை. சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் இந்த மண்ணுக்காரர். 1944இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில், உலக வங்கிக்கும் பன்னாட்டு நிதியத்துக்கும் அடித்தளம் இட்ட மாநாட்டில் அமர்ந்தவர். 1947 நவம்பர் 26 அன்று, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தவர். வரவு 171 கோடியே 15 இலட்சம். செலவு 197 கோடியே 39 இலட்சம். இன்று ஒரு மாநகராட்சியே அதைவிடப் பெரிய கணக்குப் போடும்! ஆனால் அவர் வளமான வீட்டுப் பிள்ளை. வளமான வீட்டிலிருந்து போவது வியப்பன்று. காரமடையில் கறிவேப்பிலை கட்டுக் கட்டுகிறவர் வீட்டிலிருந்து, சிறுமுகையில் தறி நெய்கிறவர் வீட்டிலிருந்து ஒரு பெண் அந்த நாற்காலிக்குப் போகவேண்டும் என்பதுதான் என் ஆசை.

நாற்காலியில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஒரு புள்ளியைச் சொல்கிறேன், தசமப் புள்ளி. மத்திய அரசு திரட்டும் வரியில் மாநிலங்களுக்கு உரிய பங்கை நிதிக்குழு பிரிக்கிறது. 13ஆம் நிதிக்குழுவில் தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு 4.969. 2015இல் நடைமுறைக்கு வந்த 14ஆம் நிதிக்குழுவில் அது 4.023. அப்படி என்ன குறைந்துவிட்டது, ஒன்றுகூட இல்லையே என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள். மாநிலங்களுக்குள் ஒரு இலட்சம் கோடி ரூபாயைப் பிரித்தால், முந்தைய கணக்கைவிட 946 கோடி ரூபாய் குறைவு! "மாநிலங்களுக்குத் தரும் மொத்தப் பங்கையே 32இலிருந்து 42 விழுக்காடாக உயர்த்தினார்களே, மறைக்கலாமா?" என்று கேட்பார்கள். மறைக்கவில்லை, உண்மைதான். குடம் பெரிதாயிற்று, நமக்கு ஊற்றும் கரண்டி சிறிதாயிற்று. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவனே வாதத்தில் நிற்பான். அரைக்கணக்குச் சொல்பவன் அவையில் அகப்பட்டுக்கொள்வான்.

அடுத்து வந்த 15ஆம் நிதிக்குழு 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையை அடிப்படையாக எடுத்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சொன்னபடி கேட்ட மாநிலம் நாம். தலை குறைந்தது, தொகையும் குறையும் என்றால் எப்படி? எழுந்த குரலுக்கு விடையாக, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கென்று 12.5 விழுக்காடு மதிப்பு வைத்தார்கள். வருமான இடைவெளிக்கு வைத்தது 45. நம் பங்கு 4.079 என்று வந்து நின்றது. இந்த 45ஐ யார் வைத்தது? ஏன் 40 ஆகக் கூடாது? ஏன் 12.5 என்பது 20 ஆகக் கூடாது? இதைத் தெருவில் முழங்கிக் கேட்கலாம், கேட்போம். ஆனால் அறைக்குள்ளே, சூத்திரத்தை எழுதும் மேசையில், சுண்ணாம்புக்கட்டியைப் பிடுங்கி எழுதிக்காட்ட ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தமிழும் தெரிந்திருக்கவேண்டும், நுண்கணிதமும் தெரிந்திருக்கவேண்டும்.

பெரியவரே, உங்கள் கேள்விக்கு வந்துவிட்டேன். என்ன வேலை? வெறும் பி.ஏ. பட்டத்தோடு நின்றால், எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய வங்கித் தேர்வும் அரசுப் பணித் தேர்வும்தான் கதவு. அது சிறிய கதவு அன்று. ஆனால் அங்கே பொருளியலுக்கென்று தனிச் சலுகை இல்லை. பொய் சொல்லிக் கைதட்டல் வாங்க நான் வரவில்லை. எம்.ஏ. முடித்தால்தான் இந்தப் படிப்பின் மாடி தெரியும். 1961 முதல் இந்தியப் பொருளியல் பணி என்று ஒன்று இருக்கிறது, ஐ.ஏ.எஸ். தெரிந்த நம் வீடுகளில் இதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. பொருளியலில் முதுகலைப் பட்டம், 21 முதல் 30 வயது, பிற்படுத்தப்பட்டோர்க்கும் பட்டியல் இனத்தவர்க்கும் வயதில் தளர்வு. எழுத்துத் தேர்வுக்கு 1000 மதிப்பெண், நேர்முகத்துக்கு 200. இடங்கள் மிகக் குறைவு. ஆனால் வென்றவர் போய் அமர்வது நிதியமைச்சகம் போன்ற துறைகளில், கொள்கைக்குக் குறிப்பு எழுதும் மேசையில். ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆராய்ச்சித் துறைக்கும் தனித் தேர்வு உண்டு. நபார்டு வங்கி எடுக்கிறது. நம் மாநிலத்தின் பொருளியல், புள்ளியியல் துறைக்குத் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் ஆசிரியராக ஆசிரியர் தேர்வு வாரியம். கல்லூரி ஆசிரியராக நெட், செட் தேர்வுகள். ஆராய்ச்சிக்கு, மால்கம் ஆதிசேசையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் இருக்கிறது. வரிச் சீர்திருத்தத்தில் பெயர் பெற்ற ராஜா செல்லையா உருவாக்கிய சென்னைப் பொருளியல் பள்ளி கோட்டூர்புரத்தில் இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு அமைத்த பொருளாதார ஆலோசனைக் குழுவில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்ளோ என்ற பெண்மணி இடம்பெற்றார். தங்கைகளே, பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தனியார் தொழிலிலும் தேவை இருக்கிறது. 2025 ஆகஸ்டு 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி என்று விதித்தபோது, திருப்பூர் பின்னலாடைக்காரர்கள் எப்படித் திணறினார்கள் என்று நாடே பார்த்தது. எந்தச் சரக்கை எந்த நாட்டுக்குத் திருப்பலாம், டாலர் ஏறினால் எவ்வளவு தாங்கும், பஞ்சு இறக்குமதி வரி நீங்கினால் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று உட்கார்ந்து கணக்கிட்டுச் சொல்ல ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஆள் வேண்டும். அது கணக்கர் வேலை அன்று. நடந்ததை எழுதுபவர் கணக்கர். நடக்கப்போவதை எடைபோடுபவர் இவர்.

தடைகளை மறைத்தால் நான் உங்கள் நண்பன் அல்லன். முதல் தடை கணிதம். பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தைக் கைகழுவிய பிள்ளைதான் நம் ஊரில் பெரும்பாலும் பொருளியலுக்கு வருகிறது. நல்ல முதுகலை நிறுவனங்களின் நுழைவுத் தேர்வோ நுண்கணிதத்தையும் புள்ளியியலையும் கேட்கிறது. என்ன செய்வது? கணிதம் படித்த நண்பனின் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாண்டுக் கல்லூரிக் காலத்தில் நாளுக்கு ஒரு மணி நேரம். வகையீடு, தொகையீடு, நிகழ்தகவு, இந்த மூன்றும் வசப்பட்டால் பாதி மலை ஏறியாயிற்று. மலை ரயில் இந்த ஊரிலிருந்து புறப்பட்டுக் குன்னூரை எட்டியது 1899இல். உதகையை எட்டியது 1908இல். இடையிலே ஒன்பது ஆண்டு! பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாகத்தான் ஏறும்.

இரண்டாம் தடை மொழி. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குத் தேவை தெரியும், அளிப்பு தெரியும், நெகிழ்ச்சி தெரியும், இறுதிநிலைப் பயன்பாடு தெரியும். கருத்து கைவசம் இருக்கிறது. ஆங்கிலச் சொல் எதிரே வந்தால் கால் பின்னுகிறது. இந்தியப் பொருளியல் பணித் தேர்வை ஆங்கிலத்தில் மட்டுமே எழுதவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஐ.ஏ.எஸ். தேர்வைத் தமிழில் எழுதலாமாம். பொருளியல் பணித் தேர்வை எழுதக்கூடாதாம்! விலைவாசி என்ன ஆங்கிலத்தில் மட்டுமா ஏறுகிறது? தமிழிலும் எழுத உரிமை வேண்டும் என்று கேட்டுப் போராடுவது எங்கள் வேலை. அதை எங்களிடம் விடுங்கள். உங்கள் வேலை, குறிப்பேட்டில் ஒவ்வொரு தமிழ்க் கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதி வைத்துக்கொண்டே போவது. உரிமை வரும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது.

மூன்றாம் தடை பணம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் மாணவியர்க்கு 2022இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்க்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் தர வந்தவை. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆகும் தொகை அது. எம்.ஏ. காலத்துக்கு அது போதாது. சென்னையில் விடுதிச் செலவு வேறு. கிளைக்கழகத் தோழர்களே, இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். மாநாட்டுப் பந்தல் வாசலில் வளைவு ஒன்றைக் குறைத்தால், ஒரு பிள்ளையின் ஒரு பருவக் கட்டணம். நான் பேசும் கூட்டத்துக்கே முதலில் குறையுங்கள். என் படம் போட்ட தட்டி இந்தத் தெருவில் நான்கு எண்ணினேன்.

இனி, சேரப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. ஸ்லேட்டரின் மாணவர்கள் செய்ததை நீங்களும் செய்யுங்கள். உங்கள் தெருவில் இருபது வீடு. எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், எங்கே, எவ்வளவு கூலி? கடன் யாரிடம்? வங்கியா, மகளிர் குழுவா, கந்துவட்டியா? மாதத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு? மருத்துவத்துக்குப் போன பணம் எவ்வளவு? பெயர் எழுதவேண்டாம், வீட்டுக்கு ஓர் எண் போதும். சொல்ல விரும்பாதவர்களை வற்புறுத்தவேண்டாம். முதல் நாள் வகுப்புக்குப் போகும்போது அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டி என்ற பாடம் வரும் நாளில் எடுத்து ஆசிரியரிடம் காட்டி, என் தெருவில் இந்த வட்டி ஏன் இவ்வளவு இருக்கிறது, ஐயா என்று கேளுங்கள். அவர் விடை சொல்வார். அல்லது, வா, இருவருமாகத் தேடுவோம் என்பார்.